எச்.ஐ.வி. இல்லை என்றால், வேறென்ன?

எச்.ஐ.வி. உள்ள பெற்றோரின் கைக்குழந்தைக்கு ஓயாத சளி, வயிற்றுப்போக்கு, வாயில் வெண்புண் என்றால், மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரானாலும் சென்னையானாலும் சுற்றியிருப்பவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: பெற்றோரின் வியாதிதான். அவசரத் தீர்ப்பு.

எச்.ஐ.வி. மரபணு வழி வருவதல்ல. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து தொற்றும் கிருமி அது. தந்தையிடமிருந்து நேரே குழந்தைக்கு வராது. சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். தாய் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, குழந்தைக்கு நெவிரபின் சிரப்பும் கொடுத்தால் அது 5-க்குக் கீழே இறங்கிவிடும். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகளில், வேலூர் சி.எம்.சி. சோதனை வழியாக, நாட்டின் முதல் தொற்று தெரியவந்தபோது இந்த மருந்தெல்லாம் இல்லை.

தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கலாம். அதனால் எதிர்ப்பொருளைத் தேடும் வழக்கமான சோதனை ஏமாற்றும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையிலுள்ள வட்டங்களில் ரத்தத்தைச் சொட்டி, உலர்த்தி அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் வைரஸையே தேடுவார்கள். பிறகும் 18 மாதம் வரை மறுபரிசோதனை உண்டு.

அதிலும் 'இல்லை' என்று வந்து, குழந்தை தேறாவிட்டால்? பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களே சரியாக உருவாகாத பிறவி மரபணுக் கோளாறாக இருக்கலாம். அதில் கடுமையானது 'ஸ்கிட்'. அமெரிக்காவில் 12 வயது வரை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வாழ்ந்து 1984-இல் இறந்த டேவிட் வெட்டருக்கு இருந்தது இதுதான். பெற்றோரின் எச்.ஐ.வி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் மணமுடிப்பதற்கும் இதன் பல வகைகளுக்கும்தான் சம்பந்தம்: ஒரே பழுதான மரபணு இருபுறமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது.

துப்பு சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே கிடக்கும். வெள்ளையணு 8,000, அதில் லிம்போசைட் என்னும் எதிர்ப்பு அணுக்கள் 20 சதவீதம் என்றிருந்தால், கணக்குப் போடுங்கள்: 1,600. கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே விசாரிக்க வேண்டும். பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் ஆறாமல் அக்குளில் கட்டி வந்தாலும், முந்தைய குழந்தை சிசுவிலேயே இறந்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் தீரும்வரை ரோட்டா, போலியோ சொட்டு மருந்துகளை அவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஸ்கிட்டைக் குணமாக்குவது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து இறங்கினால் வேலூர் சி.எம்.சி.யில் அது 1986 முதலே நடக்கிறது. 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கைப் பட்டியலிலும் ஸ்கிட் உண்டு. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு அரசு நம்பிக்கை மையத்தை அணுகலாம். 1097-ஐ இலவசமாக அழைக்கலாம்.