வால்வும் அதன் இருக்கையும்

கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளாக நெடுங்காலம் ஓடியவை அம்பாசிடர் கார்கள். மேற்கு வங்காளத்தின் உத்தரப்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை அவை தயாராயின. அவற்றின் பழைய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் காலையில் எளிதில் இயங்க மறுத்து, மேடேறும்போது வலுவிழந்து, புகைக்குழாயில் ஒழுங்கற்ற ஓசை எழுப்புமாயின், பழகிய மெக்கானிக் ஐயுறுபவற்றுள் வால்வு முதன்மையானது.

எஞ்சினின் மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் அமைந்துள்ளன. எரிபொருட்கலவையை உள்ளே விடுவது ஒன்று. எரிந்த வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. காளானைப் போன்ற வடிவுடைய வால்வின் தலை, ஹெட்டில் சரிவாகக் கடைந்த ஒரு வளையத்தின்மீது அமர்ந்து வழியை அடைக்கிறது. அவ்வளையமே வால்வின் இருக்கை. பணிமனைகளில் அதனைச் 'சீட்' என்பர். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

இருக்கையின் பணி அடைப்பது மட்டுமன்று. வெளியேற்று வால்வின் தலை ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அவ்வெப்பத்தில் முக்கால் பங்களவு, வால்வு மூடியிருக்கும் சிறு பொழுதில் இருக்கை வழியாகவே ஹெட்டிற்கும், அங்கிருந்து குளிர்நீருக்கும் செல்கிறது. ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டாலும் அவ்விடம் குளிர்வதில்லை. அதன் வழியே பீறிடும் தீவாயு உலோகத்தை அரிக்கிறது. இடைவெளி மேலும் அகல்கிறது.

பழைய அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பாலானது. இருக்கைகள் அவ்விரும்பிலேயே நேராகக் கடையப்பட்டிருந்தன. அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. எஞ்சினில் தட்டல் எழாமல் தடுப்பதே அதன் நோக்கம்; எனினும், எரிந்தபின் இருக்கையின்மீது படிந்த மெல்லிய ஈயப்படலம், சூடான இரும்போடு வால்வு ஒட்டிப் பிய்வதையும் தடுத்தது. ஆனால், புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காற்று பயன்பெற்றது, பழைய எஞ்சின்களின் இருக்கைகள் காப்பின்றித் தேயலாயின.

தேய்ந்த இருக்கையைச் செப்பனிடும் முன், வால்வின் தண்டு ஏறி இறங்கும் 'கைடு' எனப்படும் குழல் சோதிக்கப்படும். வெட்டுக்கருவி அக்குழலையே நடுவாகக் கொண்டு சுழல்வதால், குழல் தளர்ந்திருப்பின் இருக்கையும் கோணலாகவே அமையும். பின்னர் 45 டிகிரிக் கருவியால், கருமையும் குழிகளும் நீங்கும் வரை மட்டும் இருக்கை அறுக்கப்படுகிறது. அறுத்தால் இருக்கை அகன்றுவிடும். ஆகவே மேல்விளிம்பை 30 டிகிரியிலும், உள்விளிம்பை 60 டிகிரியிலும் சீவி, நடுவில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே எஞ்சச் செய்வர். மிகக் குறுகினால் வெப்பம் இறங்காது. மிக அகன்றால் அழுத்தம் பரவிப்போய், கரித்துகள் சிக்கிக் கசிவு தோன்றும். அறுக்க இடமின்றித் தேய்ந்த இருக்கையைக் குடைந்தெடுத்து, கடினமான உலோக வளையத்தை இறுக்கிப் பொருத்துவர். ஈயமற்ற பெட்ரோலுக்கு அதுவே ஏற்ற வழி.

அடுத்தது தேய்ப்பு. தேய்ப்புப் பசையை வால்வின் சரிவில் சிறிதளவு தடவி, ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலால் அதனைப் பற்றி, மத்துக் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னும் சுழற்றுவர். இடையிடையே வால்வைத் தூக்கித் திருப்பி வைத்தல் வேண்டும். சற்று நேரத்தில் முறிவில்லாத சாம்பல்நிற வளையம் தோன்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மிகுதியாகத் தேய்த்தால் அடைப்பு உறுதிப்படும் என எண்ணுவது புதியவர் செய்யும் பிழை. அது சரிவில் பள்ளத்தையே உண்டாக்கும். ஓர் இருக்கையோடு தேய்த்த வால்வு வேறோர் இருக்கைக்குப் பொருந்தாது. எனவே அட்டையில் துளையிட்டு வால்வுகளை வரிசையாகச் செருகி வைப்பது வழக்கம். பசையின் துகள் எஞ்சினுள் தங்கினால் சிலிண்டரையே தேய்த்துவிடுமாதலால், மண்ணெண்ணெயால் நன்கு கழுவுவர்.

வால்வுகளைச் சுருள்வில்லுடன் பூட்டியபின், ஹெட்டைக் கவிழ்த்து எரியறைக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றப்படுகிறது. சில நிமிடங்கள் கழித்தும் வாயுவழிகளில் ஈரம் தென்படாவிடில், அடைப்பு சரியாக உள்ளது.

இன்னும் ஒரு வேலை உண்டு. அறுத்த இருக்கையில் வால்வு முன்பைவிட ஆழமாக அமர்வதால், அதன் தண்டு மறுபுறம் அவ்வளவு உயர்கிறது; தண்டின் முனைக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள வெளி குறைகிறது. அவ்வெளியை ஃபீலர் தகட்டால் அளந்து திருத்தாவிடில், சூட்டில் நீளும் தண்டு வால்வை முழுமையாக மூடவிடாது. புதிதாக அறுத்த இருக்கையும் விரைவில் எரிந்துபோகும்.