நாவின் பிழையும் நெஞ்சின் ஐயமும்

“சேர், தொழுகையை விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன்.”

என்னிடம் பயிலும் முஸ்லிம் மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் இவ்வாறு கூறியபோது திடுக்கிட்டேன். அவன் சமய நாட்டம் குன்றிய பிள்ளையல்லன். ஐவேளையும் தவறாது தொழுபவன். ஆயினும், அண்மைக் காலமாக வகுப்பிலே எழுதிய விடையையே அழித்தழித்து மீண்டும் எழுதிக்கொண்டிருந்தான். காரணம் வினவியபோதே உண்மை வெளிவந்தது. தொழுகையில் ஓதும்போது ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டதோ என்று ஐயம் எழும். தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓதுவான். மறுபடியும் ஐயம் எழும். பள்ளிவாசலிலே இமாம் குனிந்து நிமிர்ந்துவிடுவார்; இவனோ முதல் வசனத்திலேயே நிற்பான். பிழையாகத் தொழுவதினும் தொழாதிருப்பது மேலல்லவா என்பது அவன் கேள்வி.

சைவனாகிய நான் இதற்கு விடை கூறும் தகுதியுடையேனல்லேன். ஆகவே, அவனை அழைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமான மௌலவி ஒருவரிடம் சென்றேன். அவர் கூறியவற்றையும், பின்னர் நூல்களிற் கற்றுத் தெளிந்தவற்றையும் ஈண்டுத் தருகின்றேன். இத்தகைய துன்பம் வேறு பிள்ளைகளுக்கும் இருத்தல் கூடுமன்றோ?

மாணவனின் அச்சம் காரணமற்றதன்று. ஒரு நாளைய கடமையான தொழுகைகளில் 17 றக்அத்துக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏழு வசனங்கள் கொண்ட பாத்திஹா அத்தியாயம் ஓதப்படுகின்றது. அரபு மொழியிலோ ஓர் உயிரொலி மாறினும் பொருள் தலைகீழாகும். அவ்வத்தியாயத்தில் வரும் ‘அன்அம்த’ என்னும் சொல்லுக்கு ‘நீ அருள் புரிந்தாய்’ என்பது பொருள். அதனை ‘அன்அம்து’ என்று ஓதிவிட்டால் ‘நான் அருள் புரிந்தேன்’ என்றாகிவிடும். ‘கல்பு’ என்பதன் முதலெழுத்தை அடித்தொண்டையிலிருந்து எழுப்பினால் இதயம். நம் ககரம்போல் ஒலித்தால் நாய். அரபின் 28 எழுத்துக்களிற் பலவற்றுக்குத் தமிழிலே தனியொலி இல்லை. தமிழ் பேசும் நா அவற்றிலே தடுமாறுதல் இயல்பே.

இத்தடுமாற்றத்தை இஸ்லாமியச் சட்ட அறிஞர் அறியாதவரல்லர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலே, வேண்டுமென்றே செய்த பிழை வேறு, அறியாது நேர்ந்த பிழை வேறு. பொருளை மாற்றாத சிறு பிழையால் தொழுகை கெடுவதில்லை. பாத்திஹாவிலே பொருளை மாற்றும் பிழை அறியாது நேர்ந்தால், தொழுகையை முறிக்க வேண்டியதில்லை. பிழைத்த இடத்தைத் திருத்தி ஓதவேண்டும். அதன்பின் ஓதும் வேறு அத்தியாயத்தில் நா தவறினாலும் தொழுகை நிறைவேறும். முயன்றும் நா திருந்தாதவனது தொழுகையும் செல்லும். திக்கித் திணறி வருந்திக் குர்ஆனை ஓதுபவனுக்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையாகும்.

ஐயத்துக்கும் ஒழுங்கு உண்டு. உறுதியாய் அறிந்ததை ஐயம் நீக்கிவிடாது என்பது அச்சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. தொழுதது மூன்று றக்அத்தா, நான்கா என்று மயங்கினால், மூன்றெனவே கொண்டு எஞ்சியதை நிறைவு செய்து, ஸலாம் கூறுமுன் இரண்டு ஸஜ்தாச் செய்தல் வேண்டும். பாத்திஹாவை ஓதி முடித்தபின் ஓர் எழுத்து விடுபட்டதோ என எழும் ஐயம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. எழுத்துக்கள் பலவாதலின் அவ்வையம் அடிக்கடி எழும் என்பதே அதற்கு அறிஞர் கூறும் காரணம்.

நபிகள் நாயகமே ஒருமுறை நான்கு றக்அத்துத் தொழுகையை இரண்டுடன் முடித்துவிட்டார்கள். துல்யதைன் என்ற தோழர், தொழுகை குறைக்கப்பட்டதா, மறந்தீர்களா என்று வினவினார். ஏனையோரும் அதனை உறுதிசெய்யவே, எஞ்சியதைத் தொழுது இரண்டு ஸஜ்தாவும் செய்தார்கள். நபித்தோழர் எவரும் அதனை இழிவாகக் கருதவில்லை.

ஓயாது எழும் வீண் ஐயத்தை ‘வஸ்வாஸ்’ என்பர். அதற்குச் செவிசாய்க்காது மேலே செல்வதே மருந்து என்று மார்க்க அறிஞர் கூறுவர். மீண்டும் மீண்டும் சரிபார்த்தல் ஐயத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது என்பதை இன்றைய மனநல மருத்துவரும் வலியுறுத்துகின்றனர். அது படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின் மருத்துவரை நாடுதலும் இன்றியமையாதது.

மௌலவி மாணவனைப் பாத்திஹா ஓதச் சொல்லிக் கேட்டார். ஓர் எழுத்தை மாத்திரம் திருத்தினார்.

“தம்பி, இனி ஒருமுறைதான் ஓதவேண்டும்.”

“பிழைத்துவிட்டால், ஹஸ்ரத்?”

“பிழையென்று உறுதியாகத் தெரிந்தால் அந்த இடத்தைத் திருத்து. வெறும் சந்தேகமென்றால் ருகூவுக்குப் போ. உன் சந்தேகத்துக்கு அல்லாஹ் உன்னிடம் கணக்குக் கேட்கமாட்டான்.”

பையன் தலைகுனிந்து அழுதான். சிறு வயதில் ஒருமுறை பிழையாக ஓதியதற்காகப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்யப்பட்டதை அப்பொழுதுதான் வெளியிட்டான்.

பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்தித்தல் நன்று. பிழையைத் திருத்துதல் நம் கடமை. ஆனால், திருத்தும் முறையினாலே பிள்ளையின் உள்ளத்தில் அச்சத்தை விதைத்துவிடலாகாது. அம்மாணவன் இன்னும் சில நாள்களில் விடைகளை அழித்தெழுதுகின்றான். ஆனால், வெள்ளிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளுடன் பள்ளிவாசலுக்குச் செல்கின்றான். அவர்களோடு சேர்ந்தே தொழுது முடித்துத் திரும்புகின்றான்.