அலுமினியச் சுவர்: முன்னால் பளபளப்பு, பின்னால் என்ன?

புடைவைக் கடையோ சாப்பாட்டுக் கடையோ, புதிதாகத் திறப்பவர்களில் பலர் உட்சுவருக்கு அலுமினியத் தகடு அடிக்கவே விரும்புகிறார்கள். இரும்பைப் போல் கறல் பிடிக்காது, கறையான் அரிக்காது, துடைத்தால் துப்புரவாகிவிடும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் கொழும்பு, கல்முனை, காத்தான்குடி போன்ற கடலோர ஊர்களில் பணத்தைப் போடுமுன் தகட்டுக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள வெளிக்காற்று, சுமார் 25 பாகைக்குக் குளிர்ந்த எதில் பட்டாலும் நீராகப் படியும். கடைக்குள் ஏசியை 22 பாகையில் வைத்தால், வெப்பத்தை விரைவாகக் கடத்தும் அலுமினியமும் அந்தக் குளிருக்கு வந்துவிடும். கூரை வழியாகவோ சுவர் வெடிப்பு வழியாகவோ வெளிக்காற்று புகுந்தால் தகட்டின் பின்பக்கம் வியர்க்கும். முன்னால் பளபளப்பு குறையாது. பின்னால் மரச்சட்டம் உக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நாற்றம் வரும்போதுதான் விடயம் தெரியவரும். புடைவை வியாபாரிக்கு அது சரக்கிலும் நட்டம்.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படை. உப்பு ஈரமும் ஈரச் சீமெந்தும் அதை அரித்துவிடும். சாதாரண இரும்பு ஸ்குரூ ஆணி பாவித்தால் ஆணியைச் சுற்றி அரிப்பு இன்னும் விரைவாகும்.

இன்னொன்று தீ. அலுமினியம் என்று விற்கப்படும் பலகைகள் பலவற்றில் இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருப்பது பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். அது எரியும். 2017 ஜூன் 14இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரின் உயிரைக் குடித்த தீ வேகமாகப் பரவியதற்கு, வெளிச்சுவரிலிருந்த இவ்வகைப் பலகையே பிரதான காரணமென விசாரணையில் தெரியவந்தது. உட்சுவர் என்றாலும் அடுப்படிக்கு அருகில் இது வேண்டாம்.

ஆகவே வேலையை ஒப்படைக்குமுன் கவனிக்க வேண்டியவை:

ஈரக்கசிவையும் வெடிப்பையும் முதலில் திருத்துங்கள். பூச்சு நன்கு காய்ந்த பிறகே தகடு அடிக்க விடுங்கள்.

மரச்சட்டத்துக்குப் பதில் அலுமினியச் சட்டமும், துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் கேளுங்கள்.

8 அடித் தகடு 20 பாகை வெப்பமாற்றத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு நீளும். பொருத்துகளில் அதற்கு இடம் வேண்டும்.

பலகையின் நடுவே என்ன இருக்கிறதென்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு தகட்டையாவது கழற்றிப் பார்க்கக்கூடியதாக வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டால், முழுச் சுவரையும் உடைக்கும் செலவு மிச்சமாகும்.