கைபேசியில் வந்த பாடம் கொப்பியில் ஏறியதா?

பிள்ளை கைத்தொலைபேசியும் கையுமாக மூலையில் இருந்தால், "படிக்கிறான்" என்று நினைத்துக்கொள்கிறோம். வட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பிய பாடமும் யூடியூப் கணித விளக்கமும் அதில் இருப்பது உண்மை. டிக்டொக்கும் விளையாட்டும் அதே திரையில்தான் இருக்கின்றன. இதனால் பிள்ளையின் பெறுபேறு உயருமா, தாழுமா? மலையகத் தோட்டங்களின் அனுபவம் இதற்கு நல்லதொரு பாடம்.

கொவிட் நோய் காரணமாக 2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 ஒக்டோபர் வரை அவை திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. அக்காலத்தில் நாட்டின் வீடுகளில் கால்வாசிக்கும் குறைவானவற்றிலேயே கணினி இருந்தது. ஆகவே வட்ஸ்அப் குழுக்களே வகுப்பறைகளாயின.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். லயத்துக் காம்பராவில் ஒரே கைபேசி. படிக்கும் பிள்ளைகளோ இரண்டு, மூன்று பேர். அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டால் மாலையில்தான் பாடம். மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காது. பிள்ளைகள் மேட்டைத் தேடி ஏறினார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அரிசி, மாவோடு டேட்டாவுக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஆனால் கைபேசி கிடைத்த பிள்ளைகள் எல்லோரும் முன்னேறிவிட்டார்களா? இல்லை. ஆசிரியர் அனுப்பிய குறிப்பின் படத்தைச் சேமித்து வைப்பது படிப்பாகாது. அதைக் கொப்பியில் எழுதி, கணக்கைத் தானே செய்து, பிழையை ஒருவர் திருத்திக் காட்டும்போதே அது அறிவாகிறது. திருத்துவார் இல்லாத இடத்தில் குழுவில் செய்திகள் நிறைந்தன. கொப்பி வெறுமையாய்க் கிடந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருமுறை கவனம் சிதறினால், மீண்டும் பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிடங்கள் வரை செல்லலாம் என யுனெஸ்கோ நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை கூறுகிறது. ஒரு மணித்தியாலத்தில் மூன்று தடவை வேறு செய்தி பார்த்தால், அந்த மணித்தியாலமே போய்விடும்.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இது அந்நியமான கதையல்ல. 2025 நவம்பரில் டிட்வா புயலும் மண்சரிவும் மலையகக் குடும்பங்கள் பலவற்றை இருப்பிடத்தை விட்டுப் பெயர்த்தன. பாடசாலை தடைப்படும் நாளில் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையே எஞ்சும் நூல் பெரும்பாலும் ஒரு கைபேசிதான். அதைச் சரியாகப் பயன்படுத்த நாம் என்ன செய்யலாம்?

* பாடத்துக்கென்று தினமும் ஒரு நேரம் குறியுங்கள். அந்நேரத்தில் மற்றச் செய்திகளின் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

* சிக்னல் உள்ள இடத்தில் பாடத்தை இறக்கிக்கொண்டு, பின்னர் ஆறுதலாகப் பார்க்கட்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு.

* அயலிலுள்ள நாலைந்து பிள்ளைகள் ஒரே கைபேசியைச் சுற்றி இருந்து படிக்கலாம். உயர்தரம் படித்த அக்காவோ அண்ணனோ கொப்பிகளைத் திருத்தலாம்.

* புதிய பாடசாலையில் சேர்த்தாலும், பழைய ஆசிரியரின் குழுவிலிருந்து பிள்ளையை விலக்கிவிடாதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் ஒரு காரியம் செய்யலாம். இரவில், "இன்று கைபேசியில் என்ன பாடம் வந்தது? கொப்பியைக் காட்டு" என்று கேளுங்கள். பக்கம் நிறைந்திருக்கிறதா, திருத்திய அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க எழுத்தறிவு தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.