நான்கு கோடி இலக்கம்: மேடைக்குப் பின்னால் ஒரு எட்டு

2-ஐ 13,62,79,841 தடவை எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். வருவதில் ஒன்றைக் கழியுங்கள். ஆச்சா? இப்போது உங்கள் எதிரே நிற்பவருக்கு 4,10,24,320 இலக்கங்கள்! 881694 என்று ஆரம்பிக்கிறார். விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் தூங்காமல் வாசித்தால் 474 நாள் தாண்டியும் முடிக்கமாட்டார். 2024 அக்டோபரில் இவர் அரங்கேறியபோது, மனிதர்கள் அதுவரை கண்ட பகா எண்களிலேயே பெரியவர் இவர்தான்.

சரி, ஒப்பனை அறைக்குள் நுழைவோம். நம் பதின்ம எண் சட்டையைக் கழற்றி இரும எண்ணில் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். ஒன்று, ஒன்று, ஒன்று... பதின்மூன்றரைக் கோடிக்கும் மேலே, வரிசையாக வெறும் ஒன்றுகள்! ஒரு பூஜ்ஜியம்கூட இல்லை. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் மெர்சென் எண்கள் எல்லாமே இந்த ஜாதிதான்.

சூட்சுமமும் அங்கேதான். இவருடைய குட்டித் தம்பி 31-ஐ (இரும எண்ணில் 11111) வைத்துப் பார்க்கலாம். மெர்சென் எண் பகா எண்தானா என்று பார்க்கும் லூக்கா–லேமர் சோதனைப்படி 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு இதையே திரும்பச் செய்ய வேண்டும்; அடுக்கைவிட இரண்டு குறைவான அடிகள் முடிந்ததும் மீதி பூஜ்ஜியம் என்றால் பகா எண். முதலில் 14. அடுத்து 194. இங்கே வகுக்கவே வேண்டாம்! 194 என்பது 11000010. கடைசி ஐந்து இலக்கங்களை வெட்டினால் 110, 00010 என்று இரண்டு துண்டு. அதாவது 6, 2. கூட்டினால் 8. அதுதான் மீதி! 8-இன் வர்க்கத்தில் 2 போக 62, மீதி பூஜ்ஜியம். மூன்றே அடியில் 31 பகா எண் என்று ருசுவாகிவிட்டது.

நம் பெரியவருக்கும் இதே வெட்டு, இதே கூட்டல். என்ன, 13,62,79,839 அடிகள், ஒவ்வொன்றிலும் நான்கு கோடி இலக்கத்தை வர்க்கப்படுத்த வேண்டும்! ஆனால் இதே நீளத்தில் ஏதோ ஒரு தறுதலை எண்ணைக் கொண்டுவந்து பகா எண்தான் என்று நிரூபிக்கச் சொன்னால், இன்றைய கணினிகள் கையை விரித்துவிடும்.

வேட்டையாடியது லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய 'கிம்ப்ஸ்' கூட்டுத் தேடலில் சேர்ந்து, பல நாடுகளில் கிராபிக்ஸ் சில்லுகளை முடுக்கிவிட்டார். அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த சில்லு ஒன்று 'அநேகமாகப் பகா எண்' என்றது. அந்த 'அநேகமாக' யாருக்கு வேண்டும்? மறுநாளே டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சில்லு லூக்கா–லேமர் சோதனையை முடித்து 'சந்தேகமே இல்லை' என்றது. பரிசு 3,000 டாலர். அதையும் அவர் அலபாமாவில் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு கூத்து: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் நிறைவெண்கள் உண்டே, 6 = 1+2+3 மாதிரி? ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் கையோடு ஒரு நிறைவெண்ணைக் கூட்டிவரும் என்பது யூக்ளிட் காலத்துக் கணக்கு. இவர் கூட்டிவந்தவருக்கு 8,20,48,640 இலக்கங்கள்!