சக்கரம் இழந்த விமானம்

மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே, சிறுமலை ஒருபுறமும் பழனிமலைத் தொடர் மறுபுறமும் காவல் நிற்க, அகன்ற சமவெளியில் அமைந்தது திண்டுக்கல் நகரம். நகரையொட்டி நிற்கும் பாறைமலை திண்டு போலத் தோன்றுதலின் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பர். அம்மலைக்கோட்டைக்கு மேலே வட்டமிடும் பருந்தை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். பறக்குங்கால் அது தன் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்கிறது. இறங்குங்கால் மட்டுமே அவற்றை நீட்டுகிறது. நீட்டிய கால் காற்றைத் தடுக்கும், காற்றுத் தடையால் விரைவு குறையும், ஆற்றலும் வீணாகும்.

விமானம் அமைத்தோரும் இவ்வுண்மையை உணர்ந்தனர். பயிற்சிக்குரிய சிறு விமானங்கள் பலவற்றில் சக்கரங்கள் எப்பொழுதும் நீட்டியே நிற்கும். அவற்றின் விரைவு குறைவாதலின் அதனால் பெரிய இழப்பு இல்லை. விரைந்து செல்லும் விமானங்களிலோ, தரையை விட்டு எழுந்தவுடன் சக்கரக் கால்கள் மடங்கி உள்ளே புகுந்துவிடும். இறங்குமுன் விமானி ஒரு கைப்பிடியைத் தாழ்த்துவார். மின்விசையினாலோ எண்ணெயின் அழுத்தத்தினாலோ கால்கள் வெளியே வரும்.

கால்கள் வெளியே வந்தால் மட்டும் போதாது. அவை மடங்காதவாறு பூட்டிக்கொள்ளவும் வேண்டும். பூட்டின் அருமையைத் திண்டுக்கல் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கைவினைஞர் உருவாக்கும் அவ்வூர்ப் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. சாத்திய கதவு பூட்டப்படாதிருந்தால் ஒருவர் தள்ளினும் திறந்துகொள்ளும். அதுபோலவே, நீட்டிய கால் பூட்டப்படாதிருந்தால், விமானத்தின் பாரம் அதன்மேல் விழுந்தவுடன் மடங்கிவிடும். ஆதலின் விமானியின் கண்ணெதிரே பச்சை விளக்குகள் வைக்கப்பட்டுள்ளன. மூன்று கால்களுக்கும் மூன்று விளக்குகள் எரிந்தால், மூன்றும் பூட்டிக்கொண்டன என்று பொருள்.

ஒரு விளக்கு எரியாவிடின் விமானி யாது செய்வார்? உடனே இறங்க முற்படார். பழுது காலிலா, விளக்கிலா என்று முதலில் ஆராய்வார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திற்கு அருகே தாழப் பறந்து, கால் நீண்டிருக்கின்றதா என்று அங்குள்ளோரைப் பார்த்துச் சொல்லச் செய்வதும் உண்டு. மின்விசையோ எண்ணெய் அழுத்தமோ தவறினும் கால்களை இறக்குதற்கு மாற்று வழிகள் உள்ளன. சில விமானங்களில் கையால் இயக்கும் கருவி இருக்கும். சிலவற்றில் தடையை நீக்கியவுடன் கால்கள் தம் எடையினாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். இம்முயற்சிகளை எந்த வரிசையிற் செய்ய வேண்டும் என்பது முன்னரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. அதனைப் படித்துப் படித்து ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பர்.

எல்லா வழியும் அடைபட்டால், விமானத்தை வயிற்றினால் தரையிற் சறுக்கவிட்டு இறக்குவதே எஞ்சிய வழி. இரண்டு கால் நீண்டு ஒரு கால் குறைந்திருந்தால், விமானம் ஒருபுறம் சாய்ந்து சுழன்று ஓடுபாதையை விட்டு விலகக்கூடும். அத்தகைய வேளையில் வயிற்றினால் நேராகச் சறுக்குவது சில விமானங்களில் தீமை குறைந்த வழியாகும்.

இதற்குச் சான்றாக நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு, பாக்டோக்ராவிலிருந்து மும்பைக்குச் சிறிய மருத்துவ விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. விமானிகள் இருவர், மருத்துவர், மருத்துவ உதவியாளர், நோயாளி ஆக ஐவர் அதில் இருந்தனர். இடையில் நாகபுரியில் தங்கி மீண்டும் எழுந்தபோது, அதன் சக்கரம் ஒன்று கழன்று தரையில் விழுந்தது. நிலையத்தில் காவற்பணியில் இருந்த ஒருவர் அதனைக் கண்டு உடனே தெரிவித்தார். செய்தி விமானிக்கு எட்டியது.

தலைமை விமானி கேசரி சிங் மனம் கலங்கவில்லை. நீண்ட ஓடுபாதையும் தீயணைப்பு வசதியும் மிக்க மும்பையிலேயே வயிற்றினால் இறங்குவதெனத் துணிந்தார். ஆங்கே ஓடுபாதையின்மீது நுரை பரப்பப்பட்டது. உலோகம் தரையில் உராயும்போது எழும் தீப்பொறி எரிபொருளைப் பற்றாமல் காக்க உதவுவது அந்நுரை. தீயணைப்பு வண்டிகளும் மருத்துவ வண்டிகளும் ஆயத்தமாக நின்றன. இரவு 9 மணியளவில் விமானம் ஓடுபாதையிற் சறுக்கி நின்றது. ஐவரும் உயிர் பிழைத்தனர். கண்ணிமைக்காது காத்த காவலர், கலங்காது ஓட்டிய விமானி, நுரை பரப்பிய தொழிலாளர் ஆகிய அனைவரும் தத்தம் கடமையைச் செய்தமையால் விளைந்த நன்மை அது.

திண்டுக்கல்லுக்கு அண்மையிலும் ஓர் இடர் நேர்ந்து நீங்கியது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்ஜாவுக்கு ஏறத்தாழ 140 பேருடன் பெரிய விமானம் ஒன்று எழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில், சக்கரக் கால் முதலியவற்றை இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பிற் பழுது காணப்பட்டது. எரிபொருள் நிறைந்த விமானம் பளு மிக்கது. அந்நிலையில் இறங்குவது தீங்கு தரும். எனவே எரிபொருள் குறையும்வரை இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அது வானில் வட்டமிட்டது. கீழே மக்கள் கவலையோடு காத்திருந்தனர். இரவு 8 மணிக்குமேல் அவ்விமானம் சக்கரங்களின்மீதே நலமாக இறங்கியது.

இனி இவற்றிற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் மயாமி நகரை அணுகிய பெரிய விமானம் ஒன்றில், முன்சக்கரத்திற்குரிய பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் ஏறத்தாழ 2,000 அடி உயரத்திற் பறந்தவாறே அதனை ஆராயத் தொடங்கினர். அனைவர் கருத்தும் அவ்விளக்கிலேயே பதிந்துவிட்டது. அவர்கள் அறியாமலே விமானத்தை உயரத்தில் நிறுத்தும் தானியங்கி அமைப்பு விடுபட்டது. சிறிது சிறிதாகத் தாழ்ந்த விமானம் இருளில் சதுப்பு நிலத்தில் மோதியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தபோது, சக்கரக்கால் நீண்டு பூட்டியே இருந்தது. பழுதானது சிறு விளக்கே என்று தெரிந்தது.

சக்கரத்தையே இழந்த விமானத்தில் ஒருவரும் இறக்கவில்லை; விளக்கு மட்டும் அணைந்த விமானத்தில் நூற்றுவர்க்குமேல் மாண்டனர். ஒன்றில், பழுதை அறிந்தும் விமானத்தை ஓட்டும் முதற்கடமையை விமானி மறக்கவில்லை. மற்றொன்றில், பழுதை நோக்கிய கண்கள் பாதையை நோக்கத் தவறின. இக்காரணம் பற்றியே, எத்தகைய இடர் நேரினும் முதலில் விமானத்தை ஓட்டுக, பின்னரே பழுதை நோக்குக என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது; ஒருவர் பழுதை ஆராயும்போது மற்றொருவர் ஓட்டுவதிலேயே கருத்தூன்ற வேண்டும் என்றும் வகுக்கப்பட்டுள்ளது.

கருவிகள் என்றேனும் பழுதாதல் இயல்பு. அவ்வேளையில் அஞ்சாமையும், செய்வன அறிந்து வரிசை பிறழாது செய்யும் பயிற்சியும், ஒருவரோடு ஒருவர் ஒத்து உழைக்கும் பண்புமே உயிர்களைக் காக்கின்றன. இடர் வந்தபின் அப்பண்புகளைத் தேட இயலாது. இடர் வாராத நாளிலேயே அவற்றைப் பழகிக்கொள்ளுதல் வேண்டும்.