கத்திரி வெயில்ல குதிரை ரைடிங்: எதைக் கழற்றலாம், எதைக் கழற்றவே கூடாது?

மே மாசம் வந்தால் சென்னையில் ரெண்டு கூட்டம் குதிரை மேல் ஏறும். ஒன்று, சாயங்காலம் மெரினாவுக்கோ பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கோ போய், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, மணலில் ஒரு ரவுண்டு வரும் குடும்பங்கள். இன்னொன்று, லீவு விட்டதும் ஈ.சி.ஆர். பக்கம் உள்ள குதிரையேற்றப் பயிற்சிக்குச் சேரும் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பிள்ளைகள். கூடவே, வாரக் கடைசியில் கற்றுக்கொள்ள வரும் ஐ.டி. ஊழியர்கள்.

எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்த வெயில்ல என்னத்தைப் போட்டுக்கிட்டு குதிரை ஏறுறது?

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. ஆனால் சென்னையில் ஆளை அசத்துவது டிகிரி மட்டும் இல்லை, புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். கடல்காற்று மதியத்துக்கு முன்னே உள்ளே வந்துவிட்டால் தப்பித்தோம். லேட்டாக வரும் நாளில் ஊரே வெந்துவிடும்.

அப்படிப்பட்ட நாளில் ஷார்ட்ஸ், செருப்பு, வெறும் தலை என்று கிளம்பத்தான் யாருக்கும் தோன்றும். சிக்கலே அங்கேதான். வெயிலுக்குப் பயந்து முதலில் கழற்றத் தோன்றும் ஹெல்மெட், ஷூ, முழு நீள பேன்ட் மூன்றும்தான், விழும்போது காப்பாற்றக்கூடிய மூன்று பொருட்கள். சூட்டைக் குறைக்க வழி தேட வேண்டும்தான். ஆனால் இந்த மூன்றில் கை வைக்காமல், வேறு இடத்தில் தேட வேண்டும்.

மெதுவா நடக்கிற குதிரைதானே, ஹெல்மெட் எதுக்கு?

பீச்சில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சராசரி குதிரையின் முதுகு சுமார் ஐந்தடி உயரம். அதன் மேல் ஒருவர் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து ஏழு, எட்டடிக்குப் போய்விடும். மாடிப்படியில் பாதி உயரத்திலிருந்து தலைகீழாக விழுவது மாதிரி. இதற்குக் குதிரை ஓடக்கூட வேண்டியதில்லை. ஒரு பட்டாசு சத்தம், பறந்து வரும் பிளாஸ்டிக் கவர், குறுக்கே பாயும் நாய் போதும். குதிரை ஒரு பக்கமாகத் துள்ளும். பழக்கமில்லாதவர் அந்த நொடியில் சேணத்தில் இருக்க மாட்டார்.

பெரிய ரைடர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரெஸ்ஸாஜ் பிரிவில் கலந்துகொண்டவர் கோர்ட்னி கிங்-டை. 2010 மார்ச்சில் பயிற்சியின்போது அவருடைய குதிரை கால் இடறி விழுந்தது. அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. மண்டை ஓட்டில் முறிவு, வாரக்கணக்கில் கோமா, அதன்பின் நடக்கவும் பேசவும் மறுபடி பழக வேண்டிய நிலை. குதிரை முரண்டு பிடிக்கவில்லை, தடுக்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த விபத்துக்குப் பிறகுதான் ரைடர்களிடம் ஹெல்மெட் பிரசாரம் உலக அளவில் சூடு பிடித்தது.

சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டினால் அபராதம். குதிரைக்கு அப்படி இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் பிரிவு இருசக்கர வாகனத்துக்குத்தான். பிரிட்டனில் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் சாலையில் குதிரை ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம் என்று 1990-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அந்தப் பொறுப்பு முழுக்க அப்பா அம்மா தலையில்.

ஒலிம்பிக்கில் என்ன செய்கிறார்கள்?

வெயிலா, பாதுகாப்பா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் சர்வதேசப் போட்டி விதிகளில் இருக்கிறது. டிரெஸ்ஸாஜ் போட்டி என்றாலே நீளக் கோட்டும் உயரத் தொப்பியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்தத் தொப்பிக்கு 2021 ஜனவரி 1 முதல் இடமில்லை. குதிரை மேல் இருக்கும்வரை ஹெல்மெட் கட்டாயம் என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு மாற்றிவிட்டது. அதே விதிகளில், வெயில் கடுமையாக இருந்தால் கோட் இல்லாமல் ஆட நடுவர்கள் அனுமதி கொடுக்கலாம்.

அதாவது, கோட் போகலாம். ஹெல்மெட் போகாது.

அந்த ஆண்டு கோடையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதோடு நேரத்தையும் மாற்றினார்கள். டிரெஸ்ஸாஜ், ஜம்பிங் போட்டிகள் பெரும்பாலும் மாலையிலும் இரவு விளக்கிலும் நடந்தன. பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, 20 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்காக ஒலிம்பிக் களம் கண்டது அங்கேதான். சூட்டைச் சமாளிக்க அவர்கள் கை வைத்தது கடிகாரத்தில்.

பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கலாமா?

வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது நம்ம ஊர் சாமர்த்தியம். இங்கே அது சரிவராது. பைக் ஹெல்மெட் கனமானது. குதிரை ஹெல்மெட் பெரும்பாலும் அதில் பாதிதான். முகம் மூடிய கனமான ஹெல்மெட்டோடு குதிரையில் குலுங்கினால் கழுத்து வலிக்கும், பக்கவாட்டில் பார்க்க முடியாது, காற்றும் போகாது. சைக்கிள் ஹெல்மெட்டில் காற்று நன்றாகப் போகும். ஆனால் அது பின்மண்டையை அவ்வளவு இறங்கி மூடாது, குளம்படி மாதிரியான அடிக்காகச் சோதிக்கப்படுவதும் இல்லை. பீச்சில் அஞ்சு நிமிஷ ரவுண்டுக்கு வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல். பயிற்சிக்குப் போதாது.

குதிரை ஹெல்மெட் வாங்கும்போது உள்பக்க ஸ்டிக்கரில் ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது இ.என். 1384 மாதிரியான தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெல்வெட் ஒட்டிய கறுப்புத் தொப்பி போட்டோவுக்கு அழகு. அக்னி நட்சத்திரத்துக்கு வேண்டியது காற்றுத் துளைகள் உள்ள, வெளிர் நிற ஹெல்மெட்.

பிடிப்பு சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி. வாரைப் போடாமல் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் ஆடினால் அது பெரிய சைஸ். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஒன்றிரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பிறகு தாடை வார். அதை மாட்டாத ஹெல்மெட் விழும் வழியிலேயே கழன்றுவிடும்.

மையத்தில் கொடுக்கும் ஹெல்மெட் அடுத்தவர் வியர்வையோடு இருக்குமே என்று கூச்சப்படுபவர்கள், உள்ளே மெல்லிய துணித் தொப்பி ஒன்று போட்டுக்கொள்ளலாம். அதை நனைத்துப் பிழிந்து போட்டால் கொஞ்சம் குளுமையாகவும் இருக்கும். துண்டை மடித்து வைப்பது, உச்சிக் கொண்டை, பெரிய கிளிப் எதுவும் வேண்டாம். விழுந்தால் அந்த கிளிப்தான் முதலில் மண்டையில் இறங்கும். முடியைக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது.

ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் ஒரு அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டில் ஹெல்மெட்டை விட்டுவைத்தாலும் அந்த ஃபோம் கெட்டுப்போகும். சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஷூவில் ஏன் ஹீல்ஸ்?

குதிரையிலிருந்து விழுவதைவிட மோசமான ஒன்று உண்டு. விழுந்த பிறகும் கால் மாட்டிக்கொள்வது. பாதம் வைக்கும் இரும்பு வளையத்துக்கு அங்கவடி என்று பெயர், இங்கிலீஷில் ஸ்டிரப். செருப்போ, தட்டையான கேன்வாஸோ போட்டிருந்தால் பாதம் வழுக்கி அந்த வளையத்துக்குள் முழுசாக நுழைந்துவிடும். அப்போது குதிரை மிரண்டு ஓடினால் ஆளும் சேர்ந்து இழுபட வேண்டியதுதான். ஷூவின் பின்பக்கம் ஒரு இன்ச் அளவு ஹீல் இருந்தால் அது தடுத்து நிறுத்தும்.

அதற்காக ஸ்டைலான ஹை ஹீல்ஸ் இல்லை. அகலமான, உறுதியான அடிக்கட்டை, கணுக்காலை மூடும் உயரம், அதிகம் பள்ளம் மேடு இல்லாத அடிப்பாகம். ஆழமான பட்டை போட்ட டிரெக்கிங் ஷூ வளையத்திலேயே சிக்கும், ரன்னிங் ஷூவுக்கு ஹீல் கிடையாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கீழே நிற்கும்போது குதிரை கால் மேல் மிதித்துவிட்டால், செருப்புக்குள் இருக்கும் விரல்களின் கதி என்ன?

மெரினாவில் ரோந்து வரும் குதிரைப்படை போலீஸாரின் காலைக் கவனித்தால் தெரியும், உயரமான பூட்ஸ்தான். கற்றுக்கொள்பவர்களுக்கு அவ்வளவு உயரம் வேண்டாம், உள்ளே வேகும். கணுக்கால் வரை ஷூ, அதன் மேல் கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் ஹாஃப் சாப்ஸ் போதும். இறங்கியதும் ஜிப்பைத் திறந்து காற்று வாங்கலாம்.

ஜீன்ஸா, லெக்கிங்ஸா?

ஜீன்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை. அதன் உள்தொடைத் தையல் தடிமனானது. வியர்வையில் ஊறி, சேணத்தில் அரை மணி நேரம் உரசினால் தோல் வழண்டுவிடும். அடுத்த நாள் நடக்கவே கஷ்டம். ஷார்ட்ஸ் போட்டால் தோல் நேராகச் சேணத்தில் உரசும், அது இன்னும் மோசம்.

இந்தப் பிரச்சினைக்கு விடை கண்டுபிடித்தது நம்ம நாடுதான். ராஜஸ்தானின் ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் பிரதாப் சிங், தொடையில் தளர்வாகவும் முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகவும் இருக்கும் பேன்ட்டை 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு லண்டன் போனபோது அணிந்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்கும் அது பிடித்துப்போய், உலகம் முழுக்க ரைடிங் பேன்ட்டுக்கு ‘ஜோத்பூர்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெப்பப் பூமியில் பிறந்த டிசைன் அது.

பயிற்சியைத் தொடரப் போவதாக இருந்தால் ரைடிங் பேன்ட் ஒன்று வாங்குவது நல்லது. முதல் சில வகுப்புகளுக்குப் பாண்டி பஜாரிலோ ரங்கநாதன் தெருவிலோ கிடைக்கும் முழு நீள லெக்கிங்ஸ், ட்ராக் பேன்ட் போதும். உள்தொடையில் தடித்த தையல் இருக்கக் கூடாது, கால் பக்கம் தொளதொளவென்று ஆடக் கூடாது, வழுக்கும் பளபளப்புத் துணியும் கூடாது.

மேலே காட்டன்தானே நல்லது?

பாதி சரி. சாயங்காலம் கொஞ்ச நேரம் மெதுவாக நடத்திப் பழகுவதற்கு மெல்லிய காட்டன் சட்டை அருமை. ஒரு மணி நேரம் டிராட், கேன்டர் என்று வேகம் எடுத்தால் காட்டன் வியர்வையைக் குடித்து, கனத்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தில் அது காயவே காயாது. அப்போது வியர்வையைப் பரப்பிவிடும் மெல்லிய ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் மேல். கனமான, மூச்சு விடாத மலிவு பாலியஸ்டரை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும்.

வெயில் நேராகப் படாமல் இருக்க முழுக்கை நல்லது. பைக் ஓட்டுபவர்கள் மாட்டும் கை ஸ்லீவ்கூடப் போதும். ஆனால் சென்னைப் பெண்கள் ஸ்கூட்டியில் போகும்போது செய்வது மாதிரி துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு குதிரை ஏறக் கூடாது. காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரட்டும், சேணத்தில் சிக்கும், கழுத்தை இறுக்கும். பீச்சில் புடவையோடு, துப்பட்டாவோடு ஏறுபவர்கள் அதை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளாமல் ஏறவே வேண்டாம். வளையல், ஜிமிக்கி, மோதிரம், கொலுசு எல்லாம் ஹேண்ட்பேக்கில் இருக்கட்டும்.

கடிவாளம் வியர்வையில் வழுக்கும் என்பதால் மெல்லிய வலைத்துணி கையுறை உதவும். சன்ஸ்கிரீன் பூசிய பிறகு உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள்.

தாண்டிப் பழகும்போது கோச் பாடி ப்ரொடெக்டர் போடச் சொல்வார். மார்பையும் முதுகையும் காக்கும் அந்த மெத்தைக் கவசம் உண்மையிலேயே வேகும். தாண்டும் நேரத்துக்கு மட்டும் மாட்டி, முடிந்ததும் நிழலில் கழற்றலாம். கழற்றியே ஆக வேண்டிய அளவு வெயில் என்றால் அன்றைக்குத் தாண்ட வேண்டாம்.

எப்போ நிறுத்தணும்?

கத்திரி வெயிலில் காலை 6 முதல் 8 மணிக்குள் வகுப்பை முடித்துக்கொள்வது உத்தமம். புதிதாகச் சேர்பவர்கள் முதல் ஒன்றிரண்டு வாரம் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், உடம்பு சூட்டுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். குதிரையும் நம்மைப் போலவே வியர்த்துத்தான் குளிரும் பிராணி. புழுக்கத்தில் அதற்கும் மூச்சு வாங்கும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் தசைப்பிடிப்பு வந்தால் உடனே இறங்கி நிழலுக்குப் போய், ஹெல்மெட்டையும் ஷூவையும் கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். இன்னும் ஒரு ரவுண்டு முடிச்சுடுறேன் என்பது ஆபத்தான ஆசை. பேச்சு குழறுவது, ஆள் குழம்பிப் பேசுவது, மயங்குவது எல்லாம் ஹீட் ஸ்ட்ரோக் அறிகுறி. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவு தப்பியிருந்தாலோ கதை வேறு. அப்போது ஆளைத் தூக்கி உட்கார வைக்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல், அசையாமல் படுக்க வைத்து 108-க்கு அழைக்க வேண்டும். ‘ஒண்ணுமில்ல’ என்று எழுந்து நடந்துவிட்டாலும், தலையில் அடிபட்டவருக்கு அன்று இரவுக்குள் வாந்தி, விடாத தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.